மருந்து அடிக்கிறவர் வீடு

என் வீட்டுக்காரர் ரயிலுக்கு மருந்து அடிக்கிறவர்.
பேசின்பிரிட்ஜ் யார்டில் கழுவி நிறுத்திய பெட்டிகளுக்குள்
முதுகில் டப்பாவோடு ஏறி
பெர்த் பெர்த்தாய், இடுக்கு இடுக்காய்.
காண்ட்ராக்ட்காரன் கொடுத்த கையுறை
போன பொங்கலோடு கிழிந்தது.
ஹவுராவில் ஏறியது, கவுகாத்தியில் ஏறியது
எல்லாம் இவர் கையால்தான் செத்தது என்று
ஒரு காலத்தில் தண்ணி லாரி வரிசையில்
பெருமை பேசியிருக்கிறேன்.

அதனால்தான் வெளியே சொல்ல முடியவில்லை.

கொருக்குப்பேட்டை, போர்டு வீடு, மூன்றாம் மாடி.
ஒரு ரூம், ஒரு அடுப்படி,
மூட்டைப்பூச்சி.

கொசு என்றுதான் முதலில் நினைத்தோம்.
கொசு வரிசை போட்டுக் கடிக்காது.
சின்னவன் முதுகில் மூன்று மூன்றாய்
தையல் பிரித்த தடம் மாதிரி.
டீச்சர் அவனைக் கடைசி பெஞ்சில் தனியாய் உட்கார வைத்தாள்.
காலை நீட்டிக்கலாம்மா என்று
குஷியாய் வந்து சொன்னான்.

கட்டில் கால் நாலுக்கும் மண்ணெண்ணெய்க் கிண்ணம் வைத்தேன்.
அது சுவரேறி சீலிங்குக்குப் போய்
அங்கிருந்து குதித்தது.
கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன்.
ஒழுகியது கீழ்வீட்டுக்கு.
"கட்டிலுக்கு டீ போட்றியாடி?" என்று
ரஹ்மத்பீ கத்தினாள்.
யாரும் பார்க்குமுன் மெத்தையைக் காயப்போட
நாலரை மணிக்கு மொட்டை மாடி ஏறினேன்.
அங்கே ஏற்கனவே மூன்று மெத்தைகள்,
டேங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
என்னுடையதை நாலாவதாய்ச் சாய்த்தேன்.

நசுக்கினால் கொத்தமல்லி வாசம்.
ரசத்துக்குத் தழை போடுவதை விட்டு மாசக்கணக்காகிறது.

இந்த நேரம் பார்த்துத் தங்கச்சி போன்.
ஜோலார்பேட்டையிலிருந்து பிளோரா.
ஸ்டான்லியில் காட்டணும்கா, ஒரு ராத்திரி தங்கிக்கிறேன்.
வாடி, இது உன் வீடு என்றேன்.
வைத்துவிட்டு
கட்டைவிரல் இழுத்த கறுஞ்சிவப்புக் கோடுகள் மேல்
மிச்சச் சுண்ணாம்பைப் பூசினேன்.
பழைய காலண்டர் ஒன்று அடித்தேன். போதவில்லை.
இப்போது ஒரே சுவரில்
வேளாங்கண்ணி மாதாவும்
அடகுக்கடை சேட்டு கொடுத்த லட்சுமியும்.

வந்தவள் பையை உள்ளே கொண்டுவரவில்லை.
பாலித்தீன் கவரில் போட்டு இறுக்கி முடிந்து
மாடிப்படிக் கம்பியில் மாட்டினாள்.
வாசலிலேயே புடவையை உதறி
உன் நைட்டி ஒன்று கொடு என்றாள்.
பாத்ரூமில் டைல்ஸ் பார்த்துவிட்டால்
அக்கா வீட்டுத் தரை ஆகாதோ?
மீன் குழம்பை அவள் தட்டில்
சத்தம் வரும்படி ஊற்றினேன்.

ராத்திரி ரெண்டு மணி. கூட்ஸ் வண்டி போய் முடிந்தும்
ஒரு வெளிச்சம் அணையவில்லை.
பிளோரா உட்கார்ந்திருந்தாள்,
செல் டார்ச்சை வாயில் கவ்வி,
தலையணை மடிப்பைப் பிரித்து, தீக்குச்சியால் நெம்பி,
பேன் பார்க்கிற மாதிரி அத்தனை பழக்கமாய்.

எங்கேடி கத்துக்கிட்டே இதெல்லாம்?

"எங்க வீட்லயும்தான்கா. ஏழு மாசமா.
உனக்கு ஏத்தி விட்டுடக் கூடாதேன்னுதான்
பையை வெளியில மாட்டினேன்."

சிரித்தோம். பசங்க எழுந்துவிடாமல்
ஆளுக்கொரு துண்டு முனையைக் கடித்துக்கொண்டு.
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேணாம்கா வலிக்குது என்று.
பிறகு வேட்டை. அவள் டார்ச், நான் கட்டைவிரல்.
பதினொன்று. உப்பிப்போன ஒன்றை
இது எங்க மாமியார், விடு, நான் என்றாள்.

வெளிச்சம் நகர்ந்து
சுவரோரம் படுத்திருந்த அவர் முதுகில் விழுந்தது.
வீட்டிலேயே மோசமான இடம் அது.
சட்டையில்லாத முதுகு. ஒரு தடிப்பில்லை.

"மாமாவை ஒண்ணும் கடிக்கலியாக்கா?"

தினமும் நான் சோப்பு போட்டுத் தேய்க்கிற முதுகு.
இடுக்கிலிருந்து ஒன்று இறங்கியது.
முழங்கை வரை வந்தது.
நின்றது.
திரும்பிப் போனது.

என் விரல் தூக்கினபடி இருந்தது.
டார்ச்சை அணைடி என்றேன்.